எத்தனால் அழிந்துவிடும், பென்சீன்? – வாசகர் கேள்விகள்

“20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கசிந்தாலும் கவலையில்லை, எத்தனால் மண்ணில் தானாக அழிந்துவிடும் என்கிறார் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். சரியா?” – வாசகி, அல்சூர்

எத்தனால் அழிந்துவிடும் என்பது சரி. கவலையில்லை என்பது தவறு. அதே பெட்ரோலில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. இந்தியாவின் பிஎஸ்-6 எரிபொருள் தரம் 1 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஆக்சிஜன் கிடைத்தால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் பென்சீனைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் இலையில் பாயசம் இருக்கும்போது பாகற்காயை யார் தொடுவார்? அவை எத்தனாலைத்தான் முதலில் தின்னும். அதற்குள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாகிவிடும். பிறகு ஆக்சிஜனுக்குப் பதிலாக பாக்டீரியாக்கள் பயன்படுத்தும் நைட்ரேட்டும் சல்பேட்டும் குறையும். ஆக்சிஜன் இல்லாத நீரில் பென்சீன் மிக மெதுவாகவே சிதையும். அதுவரை நீரோடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் விமானப்படைத் தளத்தில் இதை நிலத்தடியிலேயே சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். அருகருகே இரண்டு தடங்கள்: ஒன்றில் பென்சீன் வகைச் சேர்மங்கள் மட்டும், மற்றதில் அவற்றோடு எத்தனாலும். எத்தனால் சேர்ந்த தடத்தில்தான் பென்சீன் அதிக தூரம் போனது.

ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட் எல்லாம் தீர்ந்தபின், எளிதில் தீப்பிடிக்கும் மீத்தேன் வாயு உருவாகும். பெட்ரோல் பங்க்குக்கு அருகில் மூடிக்கிடக்கும் போர்வெல்லைத் திறக்கும்போது பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

“போர் தண்ணீரில் லேசாக பெட்ரோல் வாடை. கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். போதுமா?” – விவேக் நகர்

இன்றே நிறுத்திவிடுங்கள். கொதிக்கும்போது பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். அடுப்பின் முன் நிற்பவர்தான் அதைச் சுவாசிப்பார். அந்த நீரில் வெந்நீர்க் குளியலும் வேண்டாம். டி.டி.எஸ். கருவி உப்பை அளக்குமே தவிர, பென்சீனைக் காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவு மூக்குக்குத் தெரியாது. ஆகவே நாளை வாடை போய்விட்டாலும் நம்பாதீர்கள்.

ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான சோதனை செய்யும் ஆய்வகத்திடம் 40 மில்லி கண்ணாடிக் குப்பி கேட்டு வாங்குங்கள். விளிம்புவரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குமிழி மேலேறினாலும் மறுபடி நிரப்புங்கள். பனிக்கட்டி வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள். போன கோடையில் ஒரு குடும்பம் பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவந்தது. வழியிலேயே பென்சீன் ஆவியாகியிருக்கும்; அந்த நீரை வைத்து நான் என்ன சொன்னாலும் அவர்களை ஏமாற்றுவதாகும். திருப்பி அனுப்பினேன், மனம் கேட்கவில்லை. முடிவு வந்ததும் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

“பங்க் எங்கள் கிணற்றிலிருந்து 200 மீட்டர். பயமில்லைதானே?” – ஈஜிபுரா

பெங்களூரின் அடியில் இருப்பது மணற்படுகையல்ல, நைஸ், கிரானைட் பாறை. மேலே உக்கிய பாறை, கீழே வெடிப்புகள். நீர் வெடிப்பின் வழியே ஓடுவதால் தூரத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. உங்கள் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் கசிவை நீங்களே உங்கள் பக்கம் இழுக்கக்கூடும். சோதனை செய்துவிடுங்கள்.

“பயோடீசல் கசிந்தால்?” – மர்பி டவுன்

சமையல் எண்ணெயிலிருந்து செய்த தூய பயோடீசலில் பென்சீன் இல்லை. நீரில் அதிகம் கரையாது. மண்ணில் ஒட்டிக்கொள்ளும்; அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் நெடுநாள் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதே இடத்தில் பழைய பெட்ரோல் கசிவு இருந்தால் அது சிதைவதும் தாமதப்படும். கொட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். நனைந்த மண்ணை அன்றைக்கே அள்ளச் சொல்லுங்கள்.