ரம்மி ஆப்பில் மாட்டிய பணம்: வரி கட்டினால்தான் வருமா?

ஈரோடு பக்கம் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"ஓய்வு நேரத்தில் மொபைலில் 13 சீட்டு ரம்மி ஆடிக்கொண்டிருந்தேன். 2025 ஏப்ரல் 1 அன்று வாலட் காலி. அதிலிருந்து மொத்தம் 60,000 ரூபாய் போட்டு, நடுவில் 22,000 எடுத்தேன். ஆகஸ்டில் கம்பெனி ஆட்டத்தை நிறுத்தியபோது வாலட்டில் 38,400 இருந்தது. எடுக்கப் போனால் 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டுகிறது. டெலிகிராமில் அறிமுகமான ஒருவர், கம்பெனியில் தனக்கு ஆள் இருப்பதாகச் சொல்லி நேற்று 3,000 ரூபாய் 'பிராசஸிங்' கட்டணம் வாங்கினார். இப்போது, 30 சதவீத வரியாக 11,520 கட்டினால் அரை மணி நேரத்தில் பணம் வந்துவிடும் என்கிறார். வருமான வரித் துறையின் கடிதம் என்று ஒரு பிடிஎஃப்பும் அனுப்பினார். கட்டலாமா? நான் ஆடியதற்குப் போலீஸ் வருமா?"

கட்டாதீர்கள். மீதியைப் படிப்பதற்கு முன் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். அது சைபர் மோசடிக்கான உதவி எண். நேற்றுப் போன 3,000 அந்த ஆளின் கணக்கில் இன்னும் இருந்தால் அதை முடக்கி வைக்க முடியும். ஒவ்வொரு மணி நேரம் தாண்டும்போதும் அந்த வாய்ப்பு குறையும். கையில் வைத்துக்கொள்ள வேண்டியது, பணம் போன நேரம், தொகை, உங்கள் யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே இருக்கும் 12 இலக்க எண். லைன் கிடைக்காமல் இழுத்தடித்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். அப்படியே உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது வரிக்கு வருவோம். ஏமாற்றுக்காரர்கள் முழுப் பொய் சொல்வதில்லை என்பதுதான் இதில் கஷ்டம். ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மை. 2023 ஏப்ரல் முதல் அதை டிடிஎஸ் (மூலத்திலேயே வரிப் பிடித்தம்) ஆகப் பிடிக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: பிடித்தம். உங்களுக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து கம்பெனி கழித்துக்கொண்டு மீதியைத் தரும். கழித்ததைத் தன் பெயரில் அரசுக்குச் செலுத்தும். அது உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகும். நீங்கள் முதலில் பணம் அனுப்பி, பிறகு அவர்கள் விடுவிக்கிற டிடிஎஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. உங்கள் முதலாளி சம்பளத்தில் வரி பிடிக்கிறார் என்றால், "முதலில் வரியைக் கொண்டு வா, அப்புறம் சம்பளம் தருகிறேன்" என்றா சொல்வார்?

அந்த பிடிஎஃப்பையும் பார்த்தேன். மேலே சிங்க முத்திரை, கீழே நீல மையில் ஒரு கையெழுத்து, நடுவில் ஒரு கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் வருவது ஏதோ ஒரு ஸ்டோர்ஸ் பெயர். வருமான வரியை எந்த ஸ்டோர்ஸும் வசூலிப்பதில்லை.

இன்னொன்று. அவர் கேட்கும் கணக்கே தப்பு. 38,400-க்கு 30 சதவீதம் போட்டு 11,520 என்கிறார். வரி வாலட் இருப்புக்கு அல்ல, நிகர வெற்றிக்கு. அந்த வருடம் நீங்கள் எடுத்ததையும் இன்னும் வாலட்டில் இருப்பதையும் கூட்டுங்கள். அதிலிருந்து, நீங்கள் போட்டதையும் வருட ஆரம்பத்தில் இருந்த இருப்பையும் கழியுங்கள். ஏப்ரல் 1 அன்று உங்கள் வாலட் காலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, 22,000-மும் 38,400-மும் சேர்ந்தால் 60,400. போட்டது 60,000. நிகர வெற்றி 400 ரூபாய். அதற்கு 30 சதவீதம், 120 ரூபாய். 120 ரூபாய் வரிக்காக ஒருவர் உங்களிடம் 11,520 கேட்கிறார். அந்த 120-ஐயும் கம்பெனியே கழித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். ஏனென்றால் ஏஜென்ட்டுகள் புகுந்து விளையாடும் இடம் இதுதான். நீங்கள் பணத்தை எடுக்கவே இல்லை, அது வாலட்டிலேயே தூங்குகிறது, மார்ச் 31 தாண்டிவிட்டது என்று வையுங்கள். எடுக்காத பணத்துக்கு வரி எப்படி என்று தோன்றும். ஆனால் சட்டப்படி வருடக் கடைசியில் வாலட்டில் இருக்கும் இருப்பையும் கணக்கில் எடுத்து வரி பிடித்துவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் மார்ச் 31 அன்று 38,400 அப்படியே இருந்தால், அதிலிருந்து 120 கழிந்து 38,280 ஆகும். ஏப்ரல் மாதம் ஆப்பைத் திறந்து பார்க்கிறவர், "நான் ஆடவே இல்லை, 120 ரூபாயைக் காணோம்" என்று பதறுவார். அது திருட்டு அல்ல, டிடிஎஸ். அதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த 38,280 அடுத்த வருடத்தின் ஆரம்ப இருப்பாகிவிடும். அதை எப்போது எடுத்தாலும், ஆரம்ப இருப்பைக் கழிக்கும்போது நிகர வெற்றி பூஜ்யம், வரியும் பூஜ்யம். ஒரே பணத்துக்கு இரண்டாவது முறை வரி கிடையாது. "புது நிதியாண்டு பிறந்துவிட்டது, மறுபடியும் வரி கட்டணும் சார்" என்று ஒருவர் சொன்னால், இந்தப் பத்தியை அவருக்கு அனுப்புங்கள். வேண்டாம், எதையும் அனுப்பாதீர்கள். பிளாக் செய்யுங்கள். எப்போது பிளாக் செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெளியில் எடுக்க முடியாத போனஸ், ஆடுவதற்கு மட்டும் பயன்படுகிற காயின் இதெல்லாம் இந்த இருப்பில் சேராது. உங்கள் வாலட்டில் 'எடுக்கக்கூடியது' என்று தனியாக ஒரு தொகை காட்டும். அதுதான் உங்கள் பணம். அது 38,400-ஐ விடக் குறைவாக இருந்தால் இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

இந்த வரி நியாயமானதா என்று கேட்டால், ஒரு ஆடிட்டராக வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. ஆனாலும் சொல்கிறேன். மூன்று வருடம் தோற்று நான்காம் வருடம் கொஞ்சம் ஜெயித்தவனுக்கு, அந்த நான்காம் வருடத்துக்கு முழு 30 சதவீதம், ரிட்டர்னில் செஸ் தனி. பழைய நஷ்டத்தைக் கழிக்க முடியாது. சம்பளமே இல்லாத கல்லூரி மாணவனுக்கும் அதே 30 தான், அடிப்படை விலக்கு வரம்பெல்லாம் இங்கே செல்லாது. இப்படி ஒரு வரியைப் போட்டு இரண்டு வருடம் வசூலித்துவிட்டு, பிறகு ஆட்டத்தையே தடை செய்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி, போலீஸ். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் தண்டனை ஆட்டத்தை நடத்துபவருக்கு, விளம்பரம் செய்பவருக்கு, பணப் பரிமாற்றம் செய்து தருபவருக்கு. ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை. நீங்கள் ஆடியதும் அதற்கு முன்பு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் ரம்மி தடைப் பட்டியலில் இல்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. ஆகவே நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆடியவர்கள் குழம்பிப்போனதில் ஆச்சரியமில்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. இங்கே 2020-ல் அவசரச் சட்டம், 2021 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் ரத்து, 2022-ல் மீண்டும் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதலோடு சட்டம், அந்த நவம்பரிலேயே ரம்மிக்கும் போக்கருக்கும் விடுதலை, 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று விதிமுறை, ஆகஸ்டில் டெல்லியிலிருந்து மொத்தத் தடை. ஐந்து வருடத்தில் சீட்டை இத்தனை முறை கலைத்துப் போட்டால், கையில் என்ன இருக்கிறது என்று ஆடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். உங்கள் ரெஃபரல் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நீங்கள் அதை நண்பர்களுக்குச் செய்த உதவி என்று நினைப்பீர்கள், சட்டம் அதை விளம்பரம் என்று நினைக்கலாம். விளம்பரத்துக்கு 2 வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

உண்மையான பணத்தை எடுக்கும் வழி சலிப்பானது, ஆனால் இலவசமானது. தடைக்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்திய பெரிய கம்பெனிகள், இருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. பணம் தேங்கி நிற்பதற்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பெயர். நம் ஊர் இனிஷியல். ஆதாரில் 'எஸ் முருகேசன்', பான் கார்டில் 'முருகேசன் சுப்பிரமணியம்', வங்கியில் 'முருகேசன் எஸ்'. மூன்றும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குப் புரியாது. வங்கிக் கணக்கைச் சோதிக்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பார்கள், பெயர் ஒத்துப்போகாவிட்டால் 'பரிசீலனையில்' என்று போட்டுவிடுவார்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் திணிக்கிற படிவத்தை யார் வடிவமைத்தார்களோ தெரியாது. அவர் ஒரு நாள் தமிழ்நாட்டு வங்கிக் கிளையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பான் கார்டில் இருப்பதைப் போலவே வங்கியிலும் பெயரை மாற்றிக்கொண்டு, கேஒய்சி மறுபடி கொடுங்கள். அவசரத்துக்கு மனைவியின் கணக்கைக் கொடுத்தால் இன்னும் சிக்கலாகும்.

அதற்குப் பிறகும் வராவிட்டால், ஆப்புக்குள்ளேயே குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். நான்கு வரி எழுதினால் போதும்: பதிவு செய்த மொபைல் எண், தொகை, எடுக்கக் கோரிய தேதி, திரையின் படம். புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 7 நாளில் (2026 பிப்ரவரிக்கு முன் 15 நாள்) தீர்க்க வேண்டும் என்பது 2021 ஐடி விதி, அதாவது தகவல் தொழில்நுட்ப விதி. 'பணம் அனுப்பியாயிற்று' என்று பதில் வந்து கணக்கில் வராவிட்டால் பரிவர்த்தனை எண்ணைக் கேளுங்கள். எண் தந்தால் வங்கி தேடித் தரும். தராவிட்டால் அனுப்பவே இல்லை என்று அர்த்தம். 7 நாள் தாண்டினால் நுகர்வோர் உதவி எண் 1915.

கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். முதலில் வருகிற எண்ணை எடுப்பவர் உங்கள் டெலிகிராம் நண்பரின் பங்காளியாக இருப்பார். "திரையைப் பகிருங்கள், நான் சரிசெய்கிறேன்" என்பார். நீங்கள் ஓடிபி சொல்லக்கூட வேண்டாம், அவரே பார்த்துக்கொள்வார். ஆட்டத்தைத் தொடர 'வெளிநாட்டு ஆப்' என்று ஏபிகே ஃபைல் (ஆப் ஸ்டோருக்கு வெளியே நேரடியாக நிறுவும் ஆப்) அனுப்புவார்கள். அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. "உங்கள் கணக்கில் வேறு ஒருவர் பணம் போடுவார், அதில் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை நான் சொல்கிற இடத்துக்கு அனுப்புங்கள், உங்கள் 38,400 அதிலேயே அடைந்துவிடும்" என்பார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இப்படி இரண்டாயிரம் ரூபாய் கமிஷனுக்கு ஆசைப்பட்டான். அந்தப் பணம் வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரிடம் திருடியது. சம்பளம் வருகிற கணக்கு முடங்கி, வீட்டு வாடகை கொடுக்க முடியாமல், கேள்விப்பட்டே இராத ஊர்க் காவல் நிலையத்துக்கு மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். ஆடியதற்கு வராத போலீஸ் இதற்கு வரும்.

3,000 போய்விட்டது, அதைப் பிடிக்கவாவது 11,520 கட்டிப் பார்ப்போமே என்று மனம் சொல்லும். ரம்மி ஆடியவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சீட்டு சரியில்லை என்று தெரிந்தால் முதலிலேயே ஸ்கூட் போட்டு (ஆடாமல் விலகி) 20 பாயின்ட் இழப்போடு எழுந்துவிடுவீர்கள். எதிரி டிக்ளேர் செய்து ஜெயிக்கும்வரை உட்கார்ந்திருந்தால் இழப்பு 80 வரை போகும். அவர் 11,520 வாங்கிய பிறகு 'ஜிஎஸ்டி' என்று ஒன்று கேட்பார், அப்புறம் 'அக்கவுன்ட் அன்லாக்' என்று ஒன்று.

வருமான வரி ரிட்டர்னில் அந்த 400 ரூபாயை மறக்காமல் காட்டுங்கள். சின்னத் தொகைதானே என்று விட்டால் ஏஐஎஸ்-ல் (வரித் துறை உங்களைப் பற்றி வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை) இருப்பதும் நீங்கள் எழுதியதும் ஒத்துப்போகாமல் ஒரு மெசேஜ் வரும், அதைப் பார்த்து நீங்கள் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

பிளாக் செய்வது பற்றி: அந்த டெலிகிராம் ஆளை இப்போதே பிளாக் செய்யாதீர்கள். அவருடைய எண், யூசர் பெயர், கியூஆர் கோடு, 3,000 கேட்ட மெசேஜ், அந்த பிடிஎஃப் எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். பணம் வராது என்று தெரிந்த நிமிடம் அவர் மொத்த உரையாடலையும் இரண்டு பக்கமும் அழித்துவிடுவார், டெலிகிராமில் அது முடியும். "நாளைக்குக் கட்டுகிறேன்" என்று ஒரு வார்த்தை போட்டு வைத்துவிட்டு 1930-க்கு அடியுங்கள். புகார் எண் கைக்கு வந்தபிறகு பிளாக்.