பேட்டரி கசிந்த கருவியைத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வாங்கிய ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை ஏழெட்டு மாதமாக எடுக்கவில்லை. நேற்றுத் திறந்தால் பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. புது பேட்டரி போட்டும் ஓடவில்லை. சுத்தம் செய்யலாமா, புதிதே வாங்கிவிடவா?

பதில்: புதிது வாங்க அவசரப்படாதீர்கள். துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து, கசிந்த பேட்டரிகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். கசிவால் கருவி கெட்டால் ஈடு தருவதாகச் சில பேட்டரி நிறுவனங்கள் உறுதி தருகின்றன. பேட்டரியைக் குப்பையில் போட்டுவிட்டால் கேட்க வழியில்லை.

அப்புறம் பேட்டரியில் ‘ஆல்கலைன்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதுதான் காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகியிருக்கிறது. தோலையும் கண்ணையும் அரிக்கும், அதனால் கையுறை கட்டாயம். வாயால் ஊதவே ஊதாதீர்கள். பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, ஸ்பிரிங்கில் ஒற்றுங்கள். மெல்ல நுரைக்கும். நுரை அடங்கும்வரை குச்சியை மாற்றி மாற்றி ஒற்றி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் திறந்தே காயவிடுங்கள். ஆல்கலைன் இல்லாத மலிவான ஜிங்க் கார்பன் பேட்டரி என்றால் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்கு வினிகர் உதவாது, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவித் துடைக்க வேண்டும்.

இன்னும் ஓடவில்லையா? ஸ்பிரிங் கறுத்திருந்தால் நகம் தேய்க்கும் அரத்தால் லேசாகச் சுரண்டுங்கள், பளபளப்பு தெரிந்தால் போதும். பச்சைக் களிம்பு ஒயர் வழியாக உள்ளே சர்க்யூட் பலகை வரை ஏறியிருந்தால் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். ஸ்பிரிங் மட்டும் இற்றுப் போயிருந்தால் மாற்றுவது சின்ன வேலைதான். பலகையே அரித்திருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.

இனி ஒன்று கவனியுங்கள்: பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். முதலில் தீர்ந்துபோகும் பேட்டரியைத்தான் மற்றவை வதைத்து, உள்ளே வாயு சேர்ந்து கசிய வைக்கின்றன. மாதக்கணக்கில் எடுக்காத கருவியில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கருவி ஓடத் தொடங்கினாலும் அது காட்டும் அளவை உடனே நம்பிவிடாதீர்கள். இது அம்மாவின் மாத்திரை சம்பந்தப்பட்ட விஷயம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போய், அங்கே பார்க்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.