தாய்மாமனை மணந்ததால்தான் குழந்தையை இழந்தேனா?

கேள்வி: எனக்கு 25 வயது. குடியாத்தம் அருகே ஒரு கிராமம். பதினெட்டு முடிந்ததும் என் அம்மாவின் கடைசித் தம்பிக்கே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் பீடி சுற்றுகிறேன். முதல் குழந்தை பெண். 37 வாரத்தில் 1 கிலோ 900 கிராம் எடையில் பிறந்தாள். அப்போது எனக்கு ரத்தம் 7.8 என்றார்கள். அவளுக்கு இப்போது ஐந்து வயது, நன்றாக இருக்கிறாள். இரண்டாவது ஆண் குழந்தை சென்ற ஆண்டு 2 கிலோ 900 கிராம் எடையில் பிறந்தான். அந்த முறை ரத்தம் 10.8 இருந்தது. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தவன், மூன்றாம் நாள் சோர்ந்து, வாந்தி எடுத்து, வலிப்பு வந்து, ஆறாம் நாள் இறந்துவிட்டான். கிருமித் தொற்று என்றார்கள். என் ஆயாதான் எனக்கு மாமியாரும். "உன் உடம்பில் சத்தில்லை, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை" என்கிறார். "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். எது உண்மை? இன்னொரு குழந்தைக்கு நாங்கள் ஆசைப்படலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பெற்ற பிள்ளையை ஆறே நாளில் இழந்த துயரத்தோடு, அதற்குக் காரணம் நீங்களே என்ற பேச்சையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். அதில் என் கண்ணில் முதலில் பட்டவை இரண்டு குழந்தைகளின் எடைகள்தான். 1.9 கிலோவில் பிறந்தவள் பிழைத்து வளர்கிறாள்; 2.9 கிலோவில் பிறந்தவன் இறந்துவிட்டான். இருவருக்கும் நேர்ந்தவை ஒரே காரணத்தால் நேர்ந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. ஆயா சொல்வது ஓரளவு முதல் குழந்தைக்குப் பொருந்தும். அக்கம்பக்கத்தார் சொல்வது ஒருவேளை இரண்டாம் குழந்தைக்குப் பொருந்தலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து உங்கள்மீது சுமத்தியதுதான் தவறு.

முதலில் மகளைப் பற்றிச் சொல்கிறேன். பிறக்கும் குழந்தையின் அளவில் தாய், தந்தை இருவரின் மரபணுக்களுக்கும் பங்குண்டு. ஆனால் வயிற்றுக்குள் அது எவ்வளவு வளரலாம் என்ற எல்லையைப் பெரும்பாலும் தாயின் உடல்தான் வகுக்கிறது. 1938-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வால்டன், ஹாமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஷயர் என்னும் பெரிய வண்டிக் குதிரையையும் ஷெட்லாந்து என்னும் குட்டைக் குதிரையையும் இரு வகையாக இணைத்துப் பார்த்தார்கள். பெரிய தாய்க்குப் பிறந்தாலும் குட்டைத் தாய்க்குப் பிறந்தாலும் குட்டிகளின் மரபுக் கலப்பு பாதிக்குப் பாதிதான். இருந்தும், பெரிய தாய் ஈன்ற குட்டி மற்றதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. மனிதர்களிலும், வேறொரு பெண்ணின் கருமுட்டையைத் தானமாகப் பெற்றுச் சுமந்தவர்களிடம், குழந்தையின் எடை சுமந்தவரின் உடலளவை ஒட்டியே அமைந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. உங்களுக்கு 7.8 இருந்தது. வளர்ச்சி முடிந்தும் முடியாத இருபது வயதில், அந்த அளவு ரத்தத்தோடு, நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து புகையிலையைக் கையாண்டு ஒரு குழந்தையைச் சுமந்திருக்கிறீர்கள். புகையிலையின் நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் அடையும். எனவே மகளின் எடைக் குறைவுக்கு மரபணுவைத் தேடிப் போக வேண்டியதில்லை. "சத்தில்லை" என்று ஆயா சொன்னது மெய்தான். ஆனால் கடைசியாகச் சாப்பிட்டு மிச்சத்தில் பசியாறும் பெண்ணுக்குச் சத்தில்லாமல் போனது அவள் குற்றமல்ல. அதற்கு வீடு முழுவதும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை இந்த மாவட்டத்துக் குடும்பங்களிடம் நான் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இனி மகன். நிறை எடையில் பிறந்து, இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்து, மூன்றாம் நாள் பால் மறுத்து, சோர்ந்து, வலிப்பு வந்து இறக்கும் குழந்தையைப் பார்த்தால் மருத்துவர் மனத்தில் இரண்டு ஐயங்கள் எழ வேண்டும். ஒன்று, கிருமித் தொற்று. மற்றொன்று, உண்ட பாலிலுள்ள புரதம் போன்றவற்றை உடைத்துப் பக்குவப்படுத்தும் ஏதோவொரு நொதி பிறவியிலேயே இல்லாமல் போவதால் வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடல் நஞ்சுக்கொடி வழியாக நொதி இல்லாததால் தேங்கும் கழிவுகளை அகற்றிவிடுவதால், இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் நல்ல எடையோடுதான் பிறக்கின்றன. தொப்புள்கொடி அறுந்து, பால் உள்ளே போகத் தொடங்கிய பிறகே அம்மோனியா போன்ற நச்சுகள் ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்குகின்றன. அப்படி நடந்திருந்தால், பத்து மாதமும் உங்கள் உடல் உங்கள் மகனைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது. இதை ஆயாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் ஒவ்வொருவர் உடலிலும் பழுதான மரபணுக்கள் சில உண்டு. ஒவ்வொரு மரபணுவும் இரட்டைப்படியாக இருப்பதால், ஒரு படி பழுதானாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். அவர் ஆயுள் முழுவதும் நலமாகவே இருப்பார். உங்கள் ஆயாவிடமோ தாத்தாவிடமோ அப்படி ஒரு பழுதான படி இருந்தால், அது மகனான உங்கள் கணவருக்கும், மகளான உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் ஒரு குழந்தையிடம் சேரும்போதுதான் நோய். தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் எட்டில் ஒரு பங்கு. பொதுவாக நூறு பிறப்புகளில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குக் கடுமையான பிறவிக் குறை இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது சுமார் இரட்டிப்பாகலாம், தாய்மாமன் மணத்தில் அதற்கும் சற்று மேல். அப்படியும் மிகப் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதற்கு உங்கள் மகளே சான்று. இவ்வகை நோயென்று உறுதியானால், பழுதில் ஒரு பாதி உங்கள் கணவரிடமிருந்து வந்தது. அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, வராமலிருக்க மூன்று வாய்ப்பு.

ஆனால் இதையும் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இறந்தது ஆண் குழந்தை என்பதால், எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் யூரியா சுழற்சிக் கோளாறு (அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்ற முடியாத நோய்) ஒன்றையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அதில் பழுதிருந்தால் ஈடுகட்ட மற்றொரு படி இல்லை. அதற்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை. அசலில் கட்டியிருந்தாலும் அது வந்திருக்கும். வெறும் கிருமித் தொற்றாகவே இருந்தால் மரபணு பேச்சுக்கே இடமில்லை. எனவேதான் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த கர்ப்பத்துக்குள் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மகன் இறந்த மருத்துவமனையிலிருந்து சிகிச்சைக் குறிப்புகள் முழுவதையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ரத்தத்தில் அம்மோனியா பார்த்தார்களா, ரத்தத்தின் அமிலத் தன்மை என்ன, ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா என்ற மூன்று விடைகளும் முக்கியம். குதிகாலில் குத்தி எடுத்து வடிதாளில் உலர்த்திய ரத்தத் துளியோ, வேறு ரத்த மாதிரியோ ஆய்வகத்தில் மிஞ்சியிருந்தால் அது பொன்னைப் போன்றது. எதுவும் இல்லாவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை; உங்கள் இருவரின் ரத்தத்தையும் மரபணுத் தொடர்வரிசைப் பரிசோதனைக்கு அனுப்பி, இருவருக்கும் பொதுவான பழுது உண்டா என்று தேடலாம். அதற்கு நீங்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மரபியல் ஆலோசனை கிடைக்கிறது.

பழுது எதுவென்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரம் அளவில் பனிக்குட நீரிலோ குழந்தைக்கு அது உண்டா என்று பார்க்க முடியும். பார்த்த பிறகு என்ன செய்வது என்பது நீங்களும் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. வேறு யாருக்கும் அதில் உரிமையில்லை. வயிற்றில் பார்க்க விரும்பாவிட்டாலும், பிறந்த முதல் நாளிலிருந்தே தயாராக இருப்பது சில கோளாறுகளில் உயிரையே காக்கும். ஆகையால் அடுத்த பிரசவம் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும், அம்மோனியாவை உடனே அளக்கும் ஆய்வகமும் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும். குழந்தை ஒருவேளை பால் மறுத்தாலும், "உரம் விழுந்திருக்கிறது" என்று தட்டி எடுக்கக் கொண்டுபோகாமல் அந்த நிமிடமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதற்கிடையே உங்கள் உடலைத் தேற்றுங்கள். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிய பிறகு கர்ப்பம் தரிப்பதே நல்லது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல், எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் ரத்தம் ஏறவில்லையென்றால், தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவரா என்று ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்ய வேண்டும். நீங்கள் சுமப்பவரானால் கணவருக்கும் அதைச் செய்தே தீர வேண்டும். கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுவதால், நாள் தள்ளிப்போன பிறகு தொடங்குவது பெரும்பாலும் காலம் கடந்த செயல். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் இப்போதே பாருங்கள். பீடிக் கூலி வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை அறிந்தேதான் சொல்கிறேன்: கர்ப்பத்துக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள்; தூங்கும் அறையில் புகையிலைத் தூளை வைக்காதீர்கள்.

மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை அளந்து வைத்து, அவர்கள் வளர்ந்து ஆளான பின் மீண்டும் பரிசோதித்தார்கள். சிறுவயதில் ஒல்லியாக இருந்து பிறகு மளமளவென்று எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது. எடை குறைவாகப் பிறந்தாளே என்று பிஸ்கட்டும் இனிப்பும் கொடுத்து அவளைக் குண்டாக்க முயலாதீர்கள். முட்டை, பருப்பு, கேழ்வரகு, கீரை, ஓடி விளையாட இடம் ஆகியவை அவளுக்குப் போதும்.

ஆலோசனைக்கு வரும்போது கணவரோடு உங்கள் ஆயாவையும் அழைத்து வாருங்கள். அவர் பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் பிறந்த சில நாளிலேயே தவறியவர்கள் உண்டா, அவர்கள் ஆணா பெண்ணா, அவருடைய அக்காள் தங்கைகள் வீட்டில் அப்படி ஏதேனும் நடந்ததா என்று நாங்கள் கேட்போம். நோய் எந்த வழியில் வந்தது என்பதை வரைந்து பார்க்க அந்த விவரங்கள் தேவை. அவற்றை நினைவில் வைத்திருப்பவர் உங்கள் குடும்பத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.