குதிரைதான் உறுப்பினர்! – வால்ட்ஹைம் தேர்தல்: கேள்வி பதில்

கேள்வி: 1986 ஆஸ்திரிய ஜனாதிபதித் தேர்தலில் குர்ட் வால்ட்ஹைம் எதை மறைத்தார்?

பதில்: பத்து வருடம் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தவர். 1941 கடைசியில் ரஷ்யப் போர்முனையில் அடிபட்டு, ஊர் திரும்பிச் சட்டம் படித்தேன் என்பதுதான் அவர் சொல்லி வந்த கதை. படித்தது நிஜம். ஆனால் 1942லேயே திரும்பவும் ஜெர்மன் ராணுவச் சீருடை போட்டுக்கொண்டு, தென்கிழக்கு ஐரோப்பாவில் இருக்கும் பால்கன் பகுதிக்குப் போய்விட்டார். அந்தப் பகுதி மட்டும் கதையில் இல்லை. 1986 மார்ச்சில் 'ப்ரொஃபீல்' வார இதழும் நியூயார்க் டைம்ஸும் அதை வெளியே கொண்டுவந்தன.

கேள்வி: அவரே யாரையாவது கொன்றாரா?

பதில்: அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர் தலைமையக அதிகாரி. வரும் தகவல்களைப் படித்துத் தொகுத்து மேலே அனுப்புவது வேலை. மேலே இருந்தவர் ஜெனரல் லோயர். 1947இல் யூகோஸ்லாவியா அந்த லோயருக்கு மரண தண்டனை கொடுத்தது. தலைமையகம் இருந்த அர்சக்லி, கிரீஸின் தெசலோனிக்கி நகரை ஒட்டிய குன்றில் இருக்கிறது. 1943இல் அந்த நகரிலிருந்து 40,000க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் மரண முகாமுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். 'எனக்குத் தெரியவே தெரியாது' என்றார் வால்ட்ஹைம். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 1988இல் வந்த வரலாற்றாசிரியர் குழு அறிக்கையும், நேரடிக் குற்றத்துக்குச் சான்றில்லை, ஆனால் ஒப்புக்கொண்டதைவிட நிறையவே தெரிந்திருந்தது என்றது.

கேள்வி: குதிரை ஜோக் என்ன சார்?

பதில்: நாஜிக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வின் குதிரைப்படைப் பிரிவில் அவர் பெயர் இருந்தது. 'சும்மா சவாரிக்குப் போனேன்' என்றார். சரி, அப்படியென்றால் உறுப்பினர் அவரில்லை, அவர் குதிரைதான் என்று கிண்டலடித்தார் பிரதமர் சினோவாட்ஸ்.

கேள்வி: இவ்வளவுக்கும் பிறகு எப்படி ஜெயித்தார்?

பதில்: மே 4 முதல் சுற்றில் 49.6 சதவீதம், ஜூன் 8இல் 53.9. உலக யூதக் காங்கிரஸ் என்ற அமைப்பு நியூயார்க்கிலிருந்து குற்றம்சாட்டக் குற்றம்சாட்ட, உள்ளூரில் ரோஷம்தான் ஏறியது. 'யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது எங்கள் இஷ்டம்' என்று போஸ்டரே ஒட்டினார்கள். 'கடமையைத்தான் செய்தேன்' என்ற அவர் பேச்சும் எடுபட்டது. பல வீடுகளில் அப்பாவும் அதே சீருடைதானே போட்டிருந்தார்!

கேள்வி: அப்புறம்?

பதில்: 1987 ஏப்ரலில் அமெரிக்கா உள்ளே வரத் தடை போட்டது. 1992இல் அவர் திரும்பப் போட்டியிடவில்லை. நாஜிக் குற்றங்களில் ஆஸ்திரியர்களுக்கும் பங்குண்டு என்று பிரதமர் விரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 1991இல். அந்தக் குதிரை ஜோக்கும் சும்மா போகவில்லை: எதிர்ப்பாளர்கள் ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு மரக்குதிரை செய்தார்கள், தலையில் எஸ்.ஏ. தொப்பி.