தீயில் வீடு போனபின் எந்த வக்கீல்?

கேள்வி: 2025 ஜனவரி ஈட்டன் காட்டுத்தீயில், கலிஃபோர்னியாவின் ஆல்ட்டடீனாவில் இருந்த எங்கள் வீடு முழுவதும் எரிந்துபோனது. இன்ஷூரன்ஸ் பணம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, ஆனால் வீட்டைத் திரும்பக் கட்ட அது போதாது. மின்சார கம்பெனி மீது வழக்குப் போடலாம் என்று இருக்கிறோம். டி.வி. விளம்பரத்தில் வரும் பெரிய வக்கீல் ஆபீஸ், ஜெயித்தால் வரும் பணத்தில் 25 சதவீதம் கட்டணம் என்கிறது. நண்பர் சொன்ன வக்கீல் 33 கேட்கிறார். குறைவாகக் கேட்பவரிடமே போய்விடலாமா?

பதில்: எத்தனை சதவீதம் என்பதைவிட, எதன்மேல் சதவீதம் என்பதுதான் முக்கியம். ஒப்பந்தத்தில் 'வசூலாகும் எல்லாத் தொகையும்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் பாலிசிப்படி இன்ஷூரன்ஸ் கம்பெனி எப்படியும் தர வேண்டிய பணமும் அந்த வரிக்குள் வந்துவிடும். பாலிசியில் 7 லட்சம் டாலர் வர வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். வக்கீல் விரலைக்கூட அசைக்காமல் அதில் 25 சதவீதம், அதாவது 1,75,000 டாலர், அவர் கணக்கில் போய்விடும். 'மின்சார கம்பெனியிடமிருந்து பெறும் தொகைக்கு மட்டுமே கட்டணம், இன்ஷூரன்ஸ் பணம் சேராது' என்று எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்து, அதற்கும் வக்கீல் தேவைப்பட்டால் தனி ஒப்பந்தம் போடுங்கள். கம்பெனி ஏற்கெனவே தர ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் வாங்கித் தருவதற்கு மட்டும் சதவீதம் கொடுங்கள்.

அடுத்தது செலவுக் கணக்கு. நிபுணர் அறிக்கை, கோர்ட் கட்டணம், சாட்சி விசாரணை எல்லாம் கட்டணத்துக்கு வெளியே, பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். 10 லட்சம் டாலருக்கு வழக்கு முடிகிறது, செலவு 60,000, கட்டணம் 33 சதவீதம் என்று கொள்வோம். முதலில் கட்டணத்தை எடுத்துவிட்டுப் பிறகு செலவைக் கழித்தால் உங்கள் கைக்கு 6,10,000. செலவைக் கழித்துவிட்டு மீதிக்குக் கட்டணம் எடுத்தால் 6,29,800. சதவீதம் அதே 33தான், ஆனால் கைக்கு வருவதில் 19,800 டாலர் வித்தியாசம். வழக்கு தோற்றால் செலவு யாருடையது என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

பேரம் பேசக் கூச்சப்பட வேண்டாம். ஜெயித்தால்தான் கட்டணம் என்கிற ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி உங்களிடம் தரப்பட வேண்டும், 'இந்தக் கட்டணம் சட்டம் நிர்ணயித்தது அல்ல, பேசி முடிவு செய்யக்கூடியது' என்ற வாசகமும் அதிலேயே இருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். பேரம் பேச உங்கள் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மின்சார கம்பெனியின் கம்பி, கம்பத்தால்தான் தீப்பிடித்தது என்று நிரூபணமானால், சொத்து நஷ்டத்துக்குக் கம்பெனியின் அஜாக்கிரதையைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்பதே அந்த மாநிலத்துக் கோர்ட்டுகளின் வழக்கம். ஈட்டன் தீக்கு சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் மின்சார கம்பெனிதான் காரணம் என்று அமெரிக்க அரசே 2025 செப்டம்பரில் வழக்குப் போட்டிருக்கிறது. வக்கீல் எடுக்கிற ரிஸ்க் குறைவாக இருக்கும்போது சதவீதமும் இறங்கலாம்தானே?

இனி வேலையை யார் செய்வார் என்ற விஷயம். விளம்பரத்தில் முகம் காட்டுகிறவரே உங்கள் வழக்கை நடத்துவார் என்று நினைக்காதீர்கள். ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, வேறு ஆபீஸோடு கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்வது நடக்கிற விஷயம். அதற்கு உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பங்கு போடுவதைக் காரணமாகச் சொல்லி மொத்தக் கட்டணத்தைக் கூட்டவும் கூடாது. நேரில் போகும்போது இப்படிக் கேளுங்கள்: என் ஃபைலை யார் பார்ப்பார், அவர் கையில் எத்தனை குடும்பங்கள், நான் போன் பண்ணினால் எடுப்பது யார்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல்களுக்கு லைசென்ஸ் தரும் மாநில அமைப்பான ஸ்டேட் பாரின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பது ஒரு நிமிடத்தில் தெரியும், காசு கிடையாது.

உங்கள் நஷ்டத்தை அவர் எப்படிக் கணக்கிடுகிறார் என்பதை வைத்தே ஆளை எடை போடலாம். வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் என்று மட்டும் கேட்பவர் வேண்டாம். உங்களோடு இருந்த மாமியாரின் நகை, பின்கட்டில் வாடகைக்கு இருந்தவரின் சாமான், முற்றத்து மரங்கள், வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் பட்ட அவதி என்று தானாகவே கேட்டுக் குறித்துக்கொள்பவர்தான் வேலை தெரிந்தவர்.

ஏற்கெனவே தீ வழக்கு நடத்தியிருக்கிறேன் என்று வக்கீல் சொல்வார். கலிஃபோர்னியாவின் 2018 கேம்ப் காட்டுத்தீயில் 85 பேர் இறந்தார்கள், பாரடைஸ் ஊரே அழிந்தது. அதன்பின் பி.ஜி.அண்ட்.இ. மின்சார கம்பெனி திவால் மனு போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்கிய 1,350 கோடி டாலரில் பாதி ரொக்கம், மீதி அந்தக் கம்பெனியின் பங்காகவே வந்தது. அறிவித்த தொகை அப்படியே கையில் பணமாக வந்துவிடாது. அதனால் 'எத்தனை கோடி வாங்கித் தந்தீர்கள்' என்று கேட்காதீர்கள். 'உங்கள் கட்சிக்காரர்கள் கையில் எத்தனை வருஷம் கழித்து, எவ்வளவு வந்தது' என்று கேளுங்கள்.

பல குடும்பங்களுக்கும் சேர்த்து மொத்தமாக சமரசம் பேசும்போது, ஒவ்வொருவரிடமும் விவரம் சொல்லித் தனியாக எழுத்தில் சம்மதம் வாங்குவது வக்கீலின் கடமை. அந்த உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கப் பார்க்கும் வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நிவாரண முகாமில் ஒருவர் வந்து, 'இந்த லாயர் ஆபீஸிலிருந்து வருகிறேன், இங்கேயே கையெழுத்துப் போடுங்கள்' என்றார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். வக்கீலுக்காக ஆள் பிடிப்பது கலிஃபோர்னியாவில் குற்றம். அப்படிப் பிடித்துப் போட்ட ஒப்பந்தமே செல்லாது. முன்பின் தெரியாத வக்கீல் தானே நேரில் வந்தோ போனில் கூப்பிட்டோ கேஸ் கேட்பதும் விதிக்குப் புறம்பு. விசிட்டிங் கார்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புகார் கொடுக்க உதவும்.

கேள்வி: அவசரமில்லாமல் யோசிக்க எவ்வளவு நாள் இருக்கிறது?

பதில்: கலிஃபோர்னியாவில் சொத்து நஷ்ட வழக்குக்குப் பொதுவாக 3 வருஷம், உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் 2 வருஷம். மாநிலம், கவுண்டி, நகராட்சி போன்ற அரசு அமைப்பின் மேல் என்றால் முதலில் அவர்களிடமே மனு கொடுக்க வேண்டும்: காயத்துக்கும் சாமான்களுக்கும் 6 மாதம், நிலம் வீட்டுக்கு 1 வருஷம். எடிசன் நேரடியாகத் தரும் இழப்பீட்டுத் திட்டத்துக்குக் கெடு தனி. அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டால் அதன் பிறகு அவர்கள் மேல் வழக்குப் போட முடியாது. அவர்கள் சொல்லும் தொகை வந்ததும், ஒப்புக்கொள்ளும் முன், அந்தக் காகிதத்தை மட்டும் படித்துச் சொல்ல ஒரு வக்கீலுக்கு மணிக்கணக்கில் கட்டணம் கொடுங்கள். அதற்குச் சதவீதம் தேவையில்லை.