யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் எந்தப் படங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்வீர்கள்?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் வெளிநாட்டில் வளர்ந்தவர் போலத் தெரிகிறது. பதில் சொன்ன எல்லோரும் சென்னைப் படங்களையே அடுக்கியிருக்கிறார்கள். நானும் அவற்றை முதல் நாளே பார்க்கிற ஆள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் கேட்டதால் என் பதில் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’.

சிங்களப் படம், 1997இல் எடுத்தது. போருக்குப் போன மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. கண் தெரியாத தகப்பன் வன்னிஹாமி அதை நம்ப மறுக்கிறார். கையெழுத்துப் போட்டால் நட்டஈடு கிடைக்கும், ஊரே போடச் சொல்கிறது, அவர் போடுகிறார் இல்லை. ஜோ அபேவிக்ரம நடித்திருக்கிறார் என்று சொல்லவே மனம் வராது, அந்த மனிதராகவே இருக்கிறார். 2000இல் அரசாங்கம் திரையிட விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் படம் வெளியே வந்தது.

ஆமிக்காரனின் தகப்பனுக்காக நாங்கள் ஏன் அழ வேண்டும் என்று சிலர் எழுதப் போகிறீர்கள், தெரியும். என் பெரியம்மாவும் அதைத்தான் கேட்டார். அவருடைய மகனை 1996இல் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வருடம் இங்கே அப்படிக் காணாமற்போனவர்கள் பல நூறு பேர். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப் பணம் வரும் என்று அலுவலகத்தில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா இன்றுவரை எடுக்கவில்லை.

குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு அரைக்கண்ணால் பார்க்கத் தொடங்கியவர், கொஞ்சத்தில் வந்து பக்கத்தில் இருந்துவிட்டார். சிங்களம் தெரியாது என்பதால் நான் சொல்லிச் சொல்லி வந்தேன். “நீ சொல்ல வேண்டாம் தம்பி, எனக்கு விளங்குது” என்றார். பத்திரத்தை நீட்டும் இடத்தில் திரையைப் பார்த்து, “வைக்காதேங்கோ ஐயா, வைக்காதேங்கோ” என்றார். இதற்கு மேல் ஒரு படம் என்ன செய்ய வேண்டும்?

அப்புறம், சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012). தமிழ்ப் படம், இங்கேயே நடக்கும் கதை. புனர்வாழ்வு முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளியை இந்த ஊர் எப்படிப் பார்க்கிறது என்று காட்டியது எனக்குச் சுட்டது. வெளியாளின் பார்வை என்பார்கள், இருக்கட்டும், பொய் இல்லையே. அதில் நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022இல் இறந்தது பெரிய இழப்பு. அல்லைப்பிட்டிக்காரர் ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ 2015இல் கான் விழாவின் தங்கப் பனை வாங்கியது. முடிவு எனக்கு ஒட்டவில்லை, ஆனாலும் பாருங்கள்.

எங்கள் பொடியள் எடுக்கிற படங்களையும் சொல்ல ஆசைதான். கடனை வாங்கி எடுக்கிறார்கள், தியேட்டரில் கிடைப்பது வேலை நாள் காலைக் காட்சி. யார் போவது? மாலைக் காட்சி கிடைத்தாலும் படம் முடிந்து வெளியே வந்தால் பருத்தித்துறைக்கு பஸ் இல்லை. ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசில் இன்னும் நாலு படம் பார்க்கலாம். இரவில் ஒரு பஸ் விடச் சொல்லி எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

‘புரஹந்த களுவர’வின் முடிவை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் தயவுசெய்து கருத்தில் எழுதிவிடாதீர்கள்.