எட்டு விசிபியு கொடுத்தும் மெஷின் மந்தம்: ரெடி டைமைப் பாருங்கள்

நான்கு விசிபியுவில் (மெய்நிகர் சிபியு) ஓடிய டேட்டாபேஸ் விஎம்மை (மெய்நிகர் மெஷின்) எட்டாக உயர்த்தியபின் இன்னும் மந்தமாகிவிட்டது, உள்ளே சிபியு 30 சதவீதம்தான் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே தெரியும் அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹோஸ்டில் (விஎம்கள் ஓடும் நிஜ சர்வர்) சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் நேரம் விஎம்முக்குத் தெரியாது.

விசென்டரில் (விஎம்வேரின் நிர்வாகக் கருவி) ரியல்டைம் சார்ட்டைத் திறந்து சிபியு ரெடி, அதாவது அந்தக் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். அது 20 விநாடிக்கான கூட்டுத்தொகை, மில்லிசெகண்டில் இருக்கும். ஒரு விசிபியுவுக்கு 1000 என்றால் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டியதுதான். விஎம் முழுவதற்குமான எண் என்றால் எட்டால் வகுக்க மறக்காதீர்கள் (நான் மறந்து, ஒரு நாள் முழுக்க வீணாய்ப் பதறினேன்).

பக்கத்திலேயே கோ-ஸ்டாப் இருக்கும். ஒரு விசிபியு கோர் கிடைக்காமல் மிகவும் பின்தங்கினால், முன்னால் ஓடும் மற்றவற்றையும் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) நிறுத்தி வைக்கும்; அப்படி நின்ற நேரம்தான் கோ-ஸ்டாப். நெரிசலான ஹோஸ்டில் எட்டு கொடுத்தால் இது அதிகரிக்கத்தான் செய்யும்.

சரி, என்ன செய்வது? ரெடியும் கோ-ஸ்டாப்பும் உயர்ந்திருந்தால் திரும்ப நான்குக்கு இறக்கி ஒரு வேலைநாள் கவனியுங்கள். சிபியு லிமிட் (பயன்பாட்டு உச்சவரம்பு) ஏதாவது போட்டு மறந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், விஎம்மை உருவாக்கிய டெம்ப்ளேட்டிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும். கிளவுடுக்கு மாற்றுவதை அப்புறம் யோசிக்கலாம். இதே எட்டோடு போனால் சும்மா இருக்கும் விசிபியுவுக்கும் மணிக்கணக்கில் பில் வரும்.